பாறுகளுக்கு முன்னால் வந்த நிழல்கள்

மாசி முடிந்து பங்குனி பிறந்த வாரம், சந்தை கூடியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை, சீகைப்பாறைக்குப் பாறுகளின் நிழல்கள் வந்து சேர்ந்தன, பாறுகள் வரவில்லை. முதலில் ஒரு நிழல் தக்காளிக் கூடைகளின் மேல் ஏறி இறங்கி, உப்பு விற்பவளின் மடியைக் கடந்து, மாரியம்மன் கோயில் சுவரில் ஏறி மறைந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது. அதற்கும் பின்னால் ஒரு கூட்டமே வந்தது, விரித்த சிறகின் நுனியில் விரல் விரலாகப் பிரிந்த இறகுகளோடு, உள்ளே இழுத்துக்கொண்ட கழுத்தோடு, எந்த அவசரமும் இல்லாமல் வட்டம் போட்டுக்கொண்டு. நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வெறுமையாக இருந்தது. குனிந்து பார்த்தோம். நிழல்கள் சுற்றிக்கொண்டிருந்தன. உப்பு விற்பவள் தன் படியை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அளக்க ஆரம்பித்தாள், சந்தை தன் போக்கில் நடந்தது.

மற்ற ஊர்க்காரர்கள் பிணந்தின்னிக் கழுகு என்று முகம் சுளித்துச் சொல்வதைத்தான் நாங்கள் பாறு என்போம். எங்கள் ஊர், நீலகிரி வடக்கே சரிந்து இறங்கி, மாயாற்றுப் பள்ளத்தை நோக்கி மறுபடி சரிவதற்கு முன்னால் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும் முள்காட்டில் இருக்கிறது. இங்கே ஆளைவிட மாடு அதிகம். மாடு செத்தால் ஊருக்கு மேற்கே வெள்ளைப்பாறையில் இழுத்துப் போட்டுவிட்டு வருவோம். ஒரு காலத்தில் வீடு திரும்பிக் கால் கழுவுவதற்குள் பாறுகள் இறங்கி வேலையை முடித்துவிடும், வெள்ளெலும்பு மட்டும் கிடக்கும், காற்றில் ஒரு வாடையும் இருக்காது. அவை எப்போது குறைந்தன, எப்போது அடியோடு நின்றன என்று எங்களில் யாராலும் சொல்ல முடியாது. வந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு, வராமல் போன நாளை யார் நினைவில் வைப்பார்கள்.

விருந்தாளிக்கு முன்னால் அவர் பெட்டி வந்து சேர்வதில்லையா என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள். அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது. அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

சித்திரை வெயில் ஏறியபோதுதான் நிழல்களின் அருமை தெரிந்தது. அவை பாறை இடுக்கில் தேங்கிய காற்றைப் போலக் குளிர்ச்சியாக இருந்தன. ஆடு மேய்ப்பவர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு நிழலைத் தேர்ந்துகொண்டு அது போகிற வழியிலேயே ஆடுகளை ஓட்டிப்போனார்கள். மிளகாய் காயப்போட்ட பெண்கள் நிழல் வந்து நின்றால் சூ சூ என்று விரட்டினார்கள், அது சிறகை ஒடுக்கிக்கொண்டு நாலடி தள்ளிப்போய் நின்றது. ஊட்டிப் பேருந்தின் ஓட்டுநர் முதல் வாரம் நிழல்மேல் சக்கரம் ஏற்ற மனமில்லாமல் வண்டியை நிறுத்திவைத்தார், மெதுவாக ஹாரன் அடித்தால் அவை நகர்ந்து கொடுக்கும் என்று பிறகு கண்டுகொண்டார். வைகாசியில் நடந்த ஒரு கல்யாணத்துக்குப் பந்தலே போடவில்லை, நிழல்கள் இருக்கையில் பந்தல் எதற்கு என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். ஆனால் நிழல்கள் வட்டமிட்டுக்கொண்டே இருந்ததால் மேளக்காரர்கள் நகர்ந்து நகர்ந்து வாசிக்க, அவர்களுக்குப் பின்னால் ஐயரும், ஐயருக்குப் பின்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் நகர, தாலி கட்டி முடிப்பதற்குள் கல்யாணம் கோயில் வாசலிலிருந்து பள்ளிக்கூட வேலிவரை போய்ச் சேர்ந்திருந்தது. சாயங்காலம் மற்ற நிழல்களெல்லாம் நீளும்போது இவை நீளவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றோரத்து நீர்மருத மரங்களின் அடியில் போய் ஒடுங்கிக்கொண்டன.

அந்தச் சமயத்தில் எங்கள் வனச்சரகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் எஸ்தர் பொன்மணி. திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவர், மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் எப்போதும் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றியிருப்பார். விடுதிக்கு வந்த சுற்றுலாக்காரர்கள் ஜீப்பை வைத்து நிழல்களைத் துரத்தி விளையாடுகிறார்கள் என்று நாங்கள் போய்ச் சொன்னபோது, அவர் சிரிக்கவும் இல்லை, எங்களைச் சந்தேகமாகப் பார்க்கவும் இல்லை. பாறு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது என்றும், புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு என்றும், ஆனால் அதன் நிழலைப் பற்றிச் சட்டம் எழுதினவர்கள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்கள் என்றும் விளக்கினார். மேலிடத்தைத் தொலைபேசியில் கேட்டார். மேலிடம் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறது. அதனால் அவரே முடிவெடுத்தார். ஜீப்பை மறித்து நின்றபோது, நிழலுக்கு உடம்பு ஏது, உயிர் ஏது, இது எப்படிக் குற்றமாகும் என்று அந்த ஆட்கள் வாதாடினார்கள்.

"உடம்பே இல்லன்னா, அது மேல வண்டிய ஏத்தணும்னு ஏன் இவ்வளவு ஆசப்படுதீய?" என்று மட்டும் கேட்டார் பொன்மணி.

அவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் பொன்மணி சந்தை முக்கில் ஒரு பலகை நட்டார். கொல்வது மட்டுமே வேட்டை ஆகாது, துரத்துவதும் வேட்டைதான், விஷம் வைப்பதும் வேட்டைதான் என்று சட்டத்தில் உள்ளதை எளிய தமிழில் அதில் எழுதியிருந்தது. பலகை நட்ட இடத்துக்கு நேர் எதிரே இருந்தது சென்னியப்பனின் மருந்துக்கடை, வீடும் அதன் பின்கட்டில்தான்.

சென்னியப்பன் சத்தியமங்கலத்துக்காரர். கல்யாணமான புதிதில் மனைவி நாச்சம்மாளோடு எங்கள் ஊருக்கு வந்து, காய்ச்சலுக்கும் இருமலுக்கும் மருந்து விற்கக் கடை வைத்தார். கால்நடை மருத்துவர் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம், அவருக்குப் பார்க்கவேண்டிய ஊர்களோ ஏராளம். இங்கே மாடு கன்று ஈன முடியாமல் கத்தும், மடி வீங்கிக் கத்தும், முள்குத்திச் சீழ் வைத்துக் கத்தும். சென்னியப்பனுக்கு வாயில்லாத உயிர் கத்துவதைக் கேட்டுக்கொண்டு சோறு இறங்காது. ஒருநாள் தானே போய் ஒரு வலி ஊசியைப் போட்டார். படுத்திருந்த மாடு எழுந்து நின்று சாணி போட்டது, வீட்டுக்காரர்கள் அவர் காலைத் தொட்டார்கள். அன்றிலிருந்து அவர் மாட்டு டாக்டர். டைக்ளோஃபெனாக் என்கிற அந்த மருந்தை மாட்டுக்குப் போடக்கூடாது என்று அரசாங்கம் எப்போதோ தடை செய்திருந்தது அவருக்குத் தெரியும். அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைப் பாறு தின்றால், பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு ஒரு வாரத்துக்குள் கழுத்துத் தொங்கிச் செத்துப்போகும் என்றும் தெரியும். மனிதர்களுக்கென்று வருகிற புட்டிகளை அவர் மாட்டுக்குப் பயன்படுத்தினார். பாறுக்குக் கெடுதல் செய்யாத வேறு மருந்தும் இருந்தது, ஆனால் அது மெதுவாக வேலை செய்யும். மாடு கண்ணெதிரே எழ வேண்டும் என்று எல்லோரும் சுற்றி நின்று காத்திருந்தார்கள், எழும்போது தன்னைத் திரும்பிப் பார்க்கும் அந்தக் கண்களுக்கு அவரும் பழகிப்போயிருந்தார்.

பலகையைப் படித்துவிட்டு வந்த நாச்சம்மாள் ஏதோ சொன்னபோது, தான் இந்த ஊருக்கு வரும்போதே வானம் காலியாகத்தான் இருந்தது என்றும், இல்லாத பறவைக்கு யாரும் விஷம் வைக்க முடியாது என்றும் சென்னியப்பன் பதில் சொன்னார். அது நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அதைச் சொல்லும்போது கடை வாசலில் ஒரு நிழல் வந்து உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனியில் மாடுகள் சாக ஆரம்பித்தன. அது எல்லா ஆனியிலும் நடப்பதுதான், புல் தீர்ந்துபோகும் மாதம். முதல் மாட்டை வெள்ளைப்பாறையில் போட்டுவிட்டுத் திரும்பிய ஆட்கள் பாதி வழியில் நின்று பார்த்தார்கள். நிழல்கள் பாறைமேல் இறங்கித் தத்தித் தத்திப் போய் மாட்டைச் சூழ்ந்துகொண்டன. சத்தமே இல்லாமல் மாடு குறைந்துகொண்டே வந்தது, தோலும் தசையும் ஏதோ ஒரு சாயம் போவதைப் போலப் போய், வெயில் தாழ்வதற்குள் எலும்பு மட்டும் வெள்ளையாகக் கிடந்தது. அன்றைக்கு ஊரில் வாடை இல்லை. பெண்கள் வாசல் தெளித்துக் கோலம் போட்டார்கள். இரண்டாவது மாட்டின் மேல் நிழல்கள் சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன, இறங்கவில்லை. அது அங்கேயே ஊதி, வெடித்து, நாறிக் கிடந்தது. அடுத்தது குறைந்தது. அதற்கு அடுத்தது நாறியது. எது குறைகிறது, எது நாறுகிறது என்று எங்களுக்குத் தெரிந்துபோனது, ஏனென்றால் எந்த வீட்டு மாட்டுக்குச் சென்னியப்பன் ஊசி போட்டார் என்பது ஊரே பார்த்த விஷயம். யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் மாடுகளின் வலியைத் தீர்த்தவரை எந்த வாயால் கேட்பது. அவர் தெருவில் வரும்போது நாங்கள் பேச்சை மழை பக்கம் திருப்பினோம்.

நாறுகிற மாடுகளைப் புதைப்பது என்று முடிவானது. ஆனால் எங்கள் மண் இரண்டு முழத்துக்குக் கீழே பாறை. எவ்வளவு தோண்டினாலும் மேலாகத்தான் புதைக்க முடியும், காட்டுப்பன்றிகள் வந்து கிளறிப் போட்டுவிடும். அப்படிக் கிளறிய ஒரு மாட்டின்மேல், மற்றவை தயங்கி நிற்கும்போது, ஓர் இளம் நிழல் இறங்கிவிட்டது. மற்றவற்றைவிடச் சின்னதாக, ஓரம் கலங்கியிருக்கும் நிழல் அது, வளைந்து பறக்கவே அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தது.

சில நாள் கழித்து அது சென்னியப்பனின் கடை வாசலில் வந்து விழுந்தது. சிறகு ஒடுங்கவில்லை. கழுத்து முன்னால் தொங்கி, தூக்கிப் பார்த்து, மறுபடி தொங்கி, கடைசியில் படிக்கட்டின் விளிம்பில் மடங்கிக் கிடந்தது. வெயில் நகர்ந்தது, அது நகரவில்லை. வெயில் போனது, அது போகவில்லை. மறுநாள் காலையில் நாச்சம்மாள் அதன் அலகுக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தாள். சென்னியப்பன் வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நின்றார், கழுவிவிடத்தான் கொண்டுவந்தார். ஊற்றாமல் வாளியோடு வெகுநேரம் நின்றுவிட்டு உள்ளே போனார். கடைக்கு வருகிறவர்கள் அதை மிதிக்காமல் எட்டிக் கால்வைத்து ஏறினார்கள். பிறகு வருகிறவர்கள் குறைந்தார்கள். அவருக்கு இரவில் தூக்கம் இல்லை என்றும், சாப்பிட உட்கார்ந்தால் கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார் என்றும் நாச்சம்மாள் தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள்.

ஒரு காலையில் அவர் புட்டிகளையெல்லாம் ஒரு சாக்குப்பையில் போட்டு, தோளில் தூக்கிக்கொண்டு, சந்தை வழியாக, எல்லோரும் பார்க்க, சரக அலுவலகத்துக்கு நடந்தார். பொன்மணி பையைத் திறந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இத நான் சும்மா வாங்கி வச்சுக்கிட முடியாது. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகிட்டச் சொல்லணும். வழக்கு வரும், கடைய மூடிருவாங்க."

"தெரியுமுங்க மேடம்."

"பொறவு என்ன வேணும் உங்களுக்கு?"

"வாசல்ல கெடக்கறதை எங்கியாச்சும் மெத்தையான எடமாப் பாத்து எடுத்துட்டுப் போக முடியுங்களா?"

பொன்மணி வந்தார். குத்துக்கால் வைத்து உட்கார்ந்து நிழலின்மேல் கை வைத்தார். மற்ற நிழல்களெல்லாம் குளிர்ந்திருக்க, இது காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது. கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கீழே நுழைத்துத் தூக்கப் பார்த்தார். துண்டுதான் வந்தது, நிழல் கல்லோடு கிடந்தது. அன்று சாயங்காலம் மற்ற நிழல்கள் மரத்தடிக்குத் திரும்பும் வழியில் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போயின, தாழ்வாக, வீட்டுச் சுவர்களை உரசிக்கொண்டு. எங்கள் வீடுகளுக்குள் விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. நாங்கள் எழுந்து நின்றோம். ஏன் எழுந்தோம் என்று கேட்டால் தெரியாது, சாவு போகும்போது எழுந்து நிற்பது பழக்கம்.

கடையை மூடினார்கள். வழக்கு வந்தது, சென்னியப்பன் வாய்தாவுக்குப் போய்வந்துகொண்டிருந்தார், கேட்ட கேள்விக்கெல்லாம் ஆமாம் என்றார். ஆனால் அன்று ஒரே ஒரு புட்டியை அவர் சாக்கில் போடவில்லை. ஏமாற்றுவதற்காக இல்லை. தாங்கவே முடியாத வலி ஒன்று வந்தால் என்ன செய்வது என்ற பயம். அதை வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார், நாச்சம்மாளுக்குக்கூடத் தெரியாது.

ஆவணி மாதம் கெம்பம்மாவின் மாடு பாறையில் சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது.

கெம்பம்மா ஊர்க் கடைசியில் தனியாக இருப்பவள். புருஷன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்கென்று போனவன் திரும்பவில்லை, அவன் போன வருஷம் பிறந்த கன்றுதான் பெள்ளி. பெள்ளி என்றால் கெம்பம்மாவின் சனம் பேசும் கன்னடம் கலந்த பாஷையில் வெள்ளி. பேருக்கேற்ற நிறம். அது தனக்கு மகளா, தங்கையா, மாமியாரா என்று கெம்பம்மாவே சில நாள் குழம்புவாள், ஏனென்றால் எந்த வேளைக்குத் தண்ணீர், எந்தப் பக்கம் மேய்ச்சல் என்பதையெல்லாம் பெள்ளிதான் முடிவு செய்யும். விழுந்த மாட்டை நாலைந்து பேர் சேர்ந்து வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்து போட்டார்கள். மருத்துவருக்கு ஆள் போனது, அவர் வேறு மலையில் இருந்தார். பெள்ளி முனகியது. அந்த முனகல் முதலில் அந்தத் தெருவில் கேட்டது, பிறகு ஊர் முழுக்கக் கேட்டது, பிறகு சமைக்கிற பானைக்குள்ளும் குடிக்கிற தண்ணீருக்குள்ளும் கேட்டது. கெம்பம்மா மாடு விழுந்ததிலிருந்து சாப்பிடவில்லை. நிழல்கள் வந்து முற்றத்து ஓரத்தில் வரிசையாக நின்றன, ரேஷன் கடையில் ஆட்கள் நிற்பதைப்போல, ஒன்றையொன்று தள்ளாமல், மாட்டின்மேல் படாமல்.

மத்தியானம் அவள் சென்னியப்பன் வீட்டு வாசலுக்கு வந்து, கிடக்கிற நிழலைப் பார்த்து, அதைச் சுற்றிவந்து நின்றாள்.

"அண்ணா, என் பெள்ளி கத்தறது உங்களுக்குக் கேக்கலியா?"

அவர் உள்ளே போய்ச் சாமி படத்தின் பின்னால் கைவிட்டுப் புட்டியை எடுத்தார். நாச்சம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் கெம்பம்மாவும் ஊர்க்கோடிவரை நடந்தார்கள். முற்றத்தில் பெள்ளியின் கழுத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் கண்ணைப் பார்த்த பிறகு, அவருக்கு ஊசியை ஏற்றக் கை வரவில்லை, ஏற்றாமலிருக்கவும் மனம் வரவில்லை. புட்டியைக் கெம்பம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"அம்மிணி, இதப் போட்டா கொஞ்ச நேரத்துல வலி போயிரும். ஆனா மாடு பொழைக்காது, இடுப்பு போயிருச்சு. செத்தப்பறம் நீ எங்க பொதைச்சாலும் பன்னி தோண்டிரும். அப்பறம் இதுங்க தின்னா என்னாகும்னு என் வாசல்ல பாத்தே. போடச் சொல்லு, போடறேன். வேண்டாம்னு சொல்லு, ஒடைச்சுப் போடறேன். என்னால முடிவு பண்ண முடியல."

கெம்பம்மா புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்ற நிழல்களைப் பார்த்தாள். அவற்றின் நெஞ்சுப்பக்கம் உள்ளே ஒட்டியிருந்தது. நிழலுக்கு வயிறு காய்ந்தால் இப்படித்தான் இருக்கும்போல, நடுவில் கொஞ்சம் வெளுத்து, மண் தெரிந்தது.

"எத்தன நாளா இதுங்க சாப்பிடல?" என்று கேட்டாள்.

ஆனியில் ஊசி போடாத மாடுகள் கொஞ்சம் கிடைத்தன, அதற்கப்புறம் என்ன கிடைத்தது என்று யாரும் கவனிக்கவில்லை. பெள்ளி மறுபடி முனகியது, நீளமாக, முடிவே இல்லாததுபோல. கெம்பம்மா இரண்டு கைகளாலும் தன் காதைப் பொத்திக்கொண்டாள், புட்டி அவள் காதோடு அழுந்தியது. பிறகு கையை எடுத்தாள்.

"வேற மருந்து உண்டுன்னு சொல்வாங்களே, அது எங்க கெடைக்கும்?"

மருத்துவரிடம் உண்டு என்றும், ஆனால் உடனே கேட்காது என்றும், அதுவரை பெள்ளி வலியோடுதான் கிடக்கவேண்டும் என்றும் சென்னியப்பன் சொன்னார். அதுவரை தான் கூட உட்கார்ந்திருப்பதாகக் கெம்பம்மா சொன்னாள். புட்டியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை முற்றத்துக் கல்லில் உடைக்கப் போனவர், மண்ணில் சிந்தக்கூடாது என்று நினைத்துக்கொண்டு, கையில் பொத்தியபடி சரக அலுவலகத்துக்கு ஓடினார். அவர் ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை, செருப்பு ஒன்று சந்தையிலேயே கழன்று கிடந்தது. பொன்மணி புட்டியை வாங்கிக்கொண்டார், இதை ஏன் அன்றைக்கே தரவில்லை என்று கேட்கவில்லை. அவரே ஜீப்பை எடுத்துக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போனார்.

மருத்துவரைக் கையோடு கூட்டிவர வெயில் சாய்ந்துவிட்டது. அதுவரை கெம்பம்மா பெள்ளியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சென்னியப்பன் வெந்நீரில் சாக்கை நனைத்து இடுப்பில் ஒற்றி எடுத்துக்கொண்டே இருந்தார். முனகல் தாங்காதபோது கெம்பம்மா தானும் கூடவே முனகினாள், அதே இழுப்பில், அதே சுருதியில். தெருப்பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் எது மாடு, எது மனுஷி என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. வலியை அப்படிப் பங்கு போட முடியுமா என்று எங்களுக்குத் தெரியாது. பெள்ளி இடையிடையே கண்ணை மூடியது. நிழல்கள் மட்டும் இருந்த இடத்தை விட்டு ஒரு முழம் பின்வாங்கி நின்றன.

மருத்துவர் தடையில்லாத மருந்தைப் போட்டார். அது தன் நேரத்தை எடுத்துக்கொண்டுதான் வேலை செய்தது. விளக்கு வைத்த பிறகு பெள்ளி ஒரு பெருமூச்சு விட்டு, கெம்பம்மாவின் முழங்கையை நக்கியது. எழுந்து நிற்கவில்லை, யாரும் யார் காலையும் தொடவில்லை. கெம்பம்மா அன்றைக்குச் சோறு சாப்பிட்டாள். அதற்கப்புறம் சில நாள், மருந்தும் தண்ணீரும் இளம்புல்லுமாக, பெள்ளி முற்றத்தில் படுத்தபடி ஊர் நடப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு மத்தியானம், அசை போட்டுக்கொண்டிருந்த வாய் நின்றது.

கெம்பம்மாவின் சனத்தில் வீட்டு மாட்டைக் காட்டில் போடுவதில்லை. மஞ்சள் பூசி, கொம்புக்குப் பூச்சுற்றி, வீட்டுப் பக்கத்திலேயே குழிவெட்டி, உப்புப் போட்டுப் புதைப்பார்கள். புங்க மரத்தடியில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். அவள் பங்காளிகள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். அவள் பெள்ளிக்கு மஞ்சள் பூசினாள், பூச்சுற்றினாள், கொம்பைத் துடைத்தாள். பிறகு பூவையெல்லாம் ஒன்றொன்றாகக் கழற்றினாள். மஞ்சளை ஈரத்துணியால் துடைத்து எடுத்தாள். வெள்ளைப்பாறைக்குக் கொண்டுபோங்கள் என்றாள். பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர், இது வழக்கத்துக்கு மாறு, நாளைக்கு நம் சனத்தில் பேச்சு வரும் என்றார். வரட்டும் என்று அவள் சொன்னாள், சத்தமாகக்கூட இல்லை.

மூங்கில் தட்டியில் வைத்து இழுத்துப்போனார்கள். நிழல்கள் முன்னாலும் பின்னாலும் வந்தன, வட்டமிடாமல், தரையில் நடந்தே வந்தன, இழவுக்குப் போகிறவர்களைப்போல. பாறையில் போட்டுவிட்டு ஆட்கள் இறங்கிவிட்டார்கள். கெம்பம்மா மட்டும் ஒரு துரிஞ்சில் மரத்தடியில் உட்கார்ந்தாள். கூப்பிட்டாலும் எழவில்லை, அதனால் சென்னியப்பனும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். கீழே பாதையில் பொன்மணி ஜீப்பை அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

நிழல்கள் இறங்கின. பெள்ளியைச் சுற்றிலும் கூடின. கெம்பம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், பிறகு எடுத்தாள், பார்த்தாள். வெள்ளைத் தோல்மேல் கறுப்பு நிழல்கள் ஏறி நிற்பது, வெயிலில் மரத்தடியில் படுத்திருக்கும் மாட்டின் மேல் இலைநிழல் ஆடுவதைப்போலத்தான் இருந்தது. அவள் அழுதாளா என்று சென்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போது சத்தம் கேட்டது. அது ஊர் மறந்துபோயிருந்த சத்தம், பெரிய துணியை யாரோ காற்றில் உதறுவதைப்போல. சென்னியப்பன் அண்ணாந்தார். வானத்தின் ஓர் ஓரத்தில், மாயாற்றுப் பள்ளத்துக்கு மேலே, ஒரு புள்ளி இருந்தது. அது பெரிதானது. வட்டமிட்டது, இறங்கியது, காலை முன்னால் நீட்டியது. முதுகில் வெள்ளைப் பட்டை, மொட்டைக் கழுத்து, கிழிந்த ஒரு சிறகிறகு, வெகுதூரம் பறந்த தூசி. நிழல்களில் ஒன்று மட்டும் தலையைத் தூக்கி ஒதுங்கி வந்து, பாறையில் வெறுமையான ஓர் இடத்தில் நின்று, அண்ணாந்து காத்திருந்தது. பாறு அந்த இடத்தில் இறங்கியது. அதன் காலும் நிழலின் காலும் தொட்டுக்கொண்டன. இரண்டும் கொஞ்சம் தடுமாறி, சேர்ந்து, ஒன்றாகச் சிறகை ஒடுக்கின. மற்ற நிழல்கள் விலகி வழி விட்டன.

ஒன்றுதான் வந்தது. கெம்பம்மா வெகுநேரம் வானத்தைப் பார்த்தாள், வேறு புள்ளி இல்லை. பாறு ஒருமுறை அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது, சாய்ந்த கழுத்தோடு. பிறகு குனிந்து பெள்ளியின் வயிற்றில் அலகை வைத்தது.

சென்னியப்பன் எழுந்திருக்கப் போனார். கெம்பம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள்.

"இருங்க அண்ணா" என்றாள் அடிக்குரலில். "ஆளு அசைஞ்சா பாதியில எந்திரிச்சுரும். அது வயிறு நெறையட்டும், அப்பறம் போலாம்."